துடைத்த பிறகும் தீராத ஐயம்

ஹைதராபாத்தின் மருந்துத் தொழிலுக்கு பாலாநகர் ஒரு நாற்றங்கால். சோவியத் உதவியுடன் அங்கே எழுந்த ஐ.டி.பி.எல். என்ற அரசு ஆலையில் பணியாற்றிய அஞ்சி ரெட்டிதான் 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலைகளின் ரகசியம் அன்று தாளில் இருந்தது. பூட்டும் காவலாளும் அதைக் காத்தனர். பின்னர் அது கணினிக்குள் சென்றது. 2020 அக்டோபர் 22 அன்று அந்நிறுவனம் தன் தரவு மையச் சேவைகள் அனைத்தையும் துண்டித்துத் தனிமைப்படுத்த நேர்ந்தது. காரணம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர். ஸ்புட்னிக் கொரோனா தடுப்பூசிச் சோதனைக்கு அனுமதி கிடைத்துச் சில நாட்களே ஆகியிருந்த நேரம் அது.

வைரஸை நீக்கினால் ஆபத்து நீங்கிவிடும் என்ற நம்பிக்கை பழைய காலத்தது. 1986-இல் லாகூரில் பிறந்த 'பிரெய்ன்' என்ற வைரஸ், ஃப்ளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்தால் போதும். ஆனால் 1999 ஏப்ரல் 26-இல் சி.ஐ.எச். என்ற வைரஸ், பல கணினிகளைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலையே அழித்தது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வேவு பார்க்கும் நிரல் புகுந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று அணுமின் கழகம் விளக்கியது. நிர்வாகக் கணினிகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் பிரித்து வைப்பது உண்மையிலேயே முக்கியமானது. ஆனால் வேவு நிரலை அழிப்பதால், அது அனுப்பிய தகவல் திரும்பி வராது.

வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினால் போதாதா என்று கேட்கலாம். வைரஸ் நீக்கும் கருவியை மட்டும் நம்புவதைவிட அது மேல்தான். என்றாலும் திருடுபோன கடவுச்சொல், மாற்றும்வரை திருடனுக்குத் திறவுகோலாகவே இருக்கும். தொற்று நுழைந்த நாளுக்குப் பின் எடுத்த காப்புப் பிரதியிலும் அதே நிரல் ஒளிந்திருக்கலாம். ஆகவே முதலில் கண்டறிய வேண்டியது அந்த நாளை.