வீங்கின குடல் நிரபராதி

குடல்னா வெறும் ரப்பர் குழாய், மேல போட்டா கீழ வந்துடும்னுதான் நம்மில் பல பேர் நினைச்சுட்டு இருக்கோம். அந்தக் குழாயோட சுவருக்குத் தனியா ஒரு மூளை இருக்குங்க. அது தெரியாததால டாக்டர்கள் அறுபது வருஷம் தப்பான இடத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அந்தக் கதைதான் இது.

வருஷம் 1886. கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங், பெர்லின்ல ஒரு மருத்துவர் கூட்டத்துல ரெண்டு குழந்தைகளைப் பத்திப் பேசினார். பிறந்ததுலேர்ந்தே மலச்சிக்கல், வயிறு பானை மாதிரி உப்பல். ரெண்டுமே ஒரு வயசு முடியறதுக்குள்ள இறந்து போச்சு. அறுத்துப் பார்த்தா பெருங்குடல் பயங்கரமா வீங்கி, சுவர் தடிச்சுக் கிடந்தது. அதுக்குக் கீழ மலக்குடல் சாதாரணமாத்தான் தெரிஞ்சுது. யாரா இருந்தாலும் என்ன சொல்லுவோம்? வீங்கினதுலதான் கோளாறுன்னுதானே? அவரும் அப்படித்தான் நினைச்சார். பின்னாடி வந்த சர்ஜன்கள் வீங்கின பகுதியை வெட்டி எடுத்தாங்க. பிரச்னை திரும்பத் திரும்ப வந்தது.

இப்ப அந்தச் சுவரைக் கொஞ்சம் பார்ப்போம். உள்பக்கம் சளிச்சவ்வு. அதுக்கு அடியில ரத்தக்குழாய் ஓடுற ஒரு மெத்தை. அப்புறம் ரெண்டு அடுக்கு தசை, உள்ளே வட்டமா, வெளியே நீளவாக்குல. எல்லாத்துக்கும் மேல ஒரு மெல்லிய உறை. அந்த மெத்தைக்குள்ள ஒரு நரம்பு வலை இருக்குன்னு 1857ல மைஸ்னர் சொன்னார். ரெண்டு தசைக்கும் நடுவுல இன்னொரு வலையை 1860களில் அவுர்பாக் கண்டுபிடிச்சார்.

இந்த வலைக்கு என்ன வேலை? 1899ல லண்டன்ல பேலிஸும் ஸ்டார்லிங்கும் (பேலிஸ் கட்டினது ஸ்டார்லிங்கோட சகோதரியை!) நாயோட குடலுக்கு வெளியிலேர்ந்து வர்ற நரம்புகளை வெட்டிட்டுப் பார்த்தாங்க. அப்பவும் குடல் பாட்டுக்கு வேலை செஞ்சுது. உள்ளே ஏதாவது வந்தா அதுக்கு மேல் பக்கம் சுருங்குது, கீழ் பக்கம் தளருது. சின்ன வயசுல பாக்கெட் ஐஸை அடியிலேர்ந்து பிதுக்கி சாப்பிட்டிருப்பீங்க இல்லையா, அதே கதைதான். பிதுக்கினா மட்டும் போதாது, வாய்ப்பக்கம் வழி விடணும். வழி விடுன்னு சொல்றது அந்த நரம்பு வலை.

இப்படிப்பட்ட ஒரு குழந்தையோட பெருங்குடல்ல நரம்பு செல்கள் சரியா இல்லைன்னு 1901லயே டிட்டெல் எழுதி வெச்சார். யாரும் பெருசா கண்டுக்கலை.

கடைசியில பாஸ்டன்ல ஓர்வர் ஸ்வென்சன் கவனிச்சார். குடலை வயித்துல திறந்து விட்டா குழந்தை தேறுது. திரும்ப மூடினா பழையபடி உப்புது. அப்ப கோளாறு கீழேதானே? பலூன் விட்டு அளந்து பார்த்தார். கீழ்ப்பகுதியில அந்தத் தள்ளுற அலையே வரலை. 1948ல அவரும் பில் என்கிற இன்னொரு டாக்டரும், பார்க்க நல்லா இருந்த அந்த ஒடுங்கின பகுதியை வெட்டி எடுத்துட்டு, நரம்பு இருக்கிற நல்ல குடலைக் கீழ இழுத்து ஆசனவாயில தைச்ச அறுவை சிகிச்சையை வெளியிட்டாங்க. குழந்தைங்க பிழைச்சாங்க.

வீங்கின பகுதி பாவம், மூடின கதவை முட்டி முட்டித்தான் தடிச்சுப் போச்சு.

ஏன் எப்பவும் கீழ் முனையில மட்டும்? கருவுல இந்த நரம்பு செல்கள் பெரும்பாலும் கழுத்துக்கிட்ட கிளம்பி, குடல் வழியா கீழ்நோக்கி நடந்து வரும். மலக்குடல்தான் கடைசி ஸ்டாப். வழியில நின்னுட்டா அங்கேர்ந்து கீழ நரம்பே கிடையாது.

சுமார் 5000 குழந்தைக்கு ஒண்ணுக்கு இது வருது. பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள்ள கருப்பா, பிசுபிசுன்னு முதல் மலம் போகலைன்னா டாக்டர்கள் இதையும் சந்தேகப்படுவாங்க. மலக்குடல் சுவர்லேர்ந்து துளி சதை எடுத்து, நரம்பு செல் இருக்கான்னு பார்ப்பாங்க.

பிரசவ வார்டுல நர்ஸ் வந்து "குழந்தை மோஷன் போச்சா?"ன்னு கேட்டா சிரிக்காம பதில் சொல்லுங்க. அந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி அறுபது வருஷமும் நிறைய குழந்தைகளும் இருக்காங்க.