கொழுந்து யாருடையது, பேர் யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள். அவள் நேரம்கெட்ட நேரத்தில் கூப்பிட்டால் ஒன்று கல்யாணச் சேதி, இல்லாவிட்டால் யாருக்காவது உடம்பு சரியில்லை. இந்தத் தடவை இரண்டும் இல்லை.

"இவனுக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குடா. வீடியோ கேம் கம்பெனியாம். விளையாடுறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா? நீயே கேளு."

மருமகன் போனை வாங்கினான். "மாமா, இது வெளியிலிருந்து எடுத்துச் செய்ற வேலை இல்ல. இன்-ஹவுஸ். பெரிய கம்பெனியோட சொந்த ஸ்டுடியோ. நீங்கதான் அம்மாகிட்ட சொல்லணும்."

நான் எடின்பரோவில் ஒரு வங்கிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். கேம் ஆடத் தெரியாது. ஆனால் தினமும் ஆபீசுக்கு நடந்து போகும் ஹோலிரூட் சாலையில், முன்பு 'ஸ்காட்ஸ்மேன்' பத்திரிகை இருந்த கட்டடத்தில், ராக்ஸ்டார் நார்த் இருக்கிறது. 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' அங்கேதான் உருவானது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பார்த்தே இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். அக்காவுக்குச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த 'சொந்த ஸ்டுடியோ' விஷயம். ஒரு கேமை யாரோ உருவாக்க, இன்னொரு கம்பெனி பணம் போட்டு வெளியிடுவது ஒரு முறை. வெளியிடும் கம்பெனியே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துத் தன் கூரைக்குக் கீழேயே செய்துகொள்வது இன்னொரு முறை. இரண்டாவதில் வேலை நிலையானது, முழு கேமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் செய்தது எதுவும் உங்களுடையது இல்லை.

இந்தச் சண்டை தொழில் பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. 1970களின் கடைசியில் அட்டாரி கம்பெனியின் உள் ஆட்கள் ஒவ்வொருவரும் தனி ஆளாக ஒரு முழு கேமையே செய்தார்கள். கோடிக்கணக்கில் விற்றது. பெட்டியில் அவர்கள் பேர் கிடையாது. போய்க் கேட்ட நாலு பேருக்கு, தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவரை விட நீங்கள் ஒன்றும் உசத்தி இல்லை என்கிற மாதிரி பதில் கிடைத்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். 1979ல் நாலு பேரும் வெளியேறி ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். அங்கே கேமோடு வரும் புத்தகத்தில் செய்தவர் பேரும் போட்டோவும் வந்தன.

வாரன் ராபினெட் என்கிற இன்னொருவர் சத்தம் போடவில்லை. தான் செய்த 'அட்வெஞ்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பேரை எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு பையன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது. கோயில் தூணில் சிற்பி தன் முகத்தை ஒளித்து வைத்த கதைகள் நமக்குப் புதுசா என்ன :-)

அடுத்தது டண்டீ. இங்கிருந்து வடக்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம். சணல் நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நெய்து வாழ்ந்த ஊர். ஹூக்ளிக் கரையிலேயே ஆலைகள் வந்ததும் அந்தத் தொழில் படிப்படியாகப் போய்விட்டது. பிறகு அங்கே இருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் 1982லிருந்து இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்கிற மலிவுக் கணினியைப் பூட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகள் கைக்கு அது வந்தது. டைமெக்ஸில் ஆட்குறைப்பில் வெளியே வந்த டேவிட் ஜோன்ஸ், அந்தப் பணத்தில் ஒரு அமீகா கணினி வாங்கி, 1987ல் டி.எம்.ஏ. டிசைன் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1991ல் 'லெம்மிங்ஸ்', 1997ல் முதல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'.

அதே 1997ல் கம்பெனியை கிரெம்லின் வாங்கியது. 1999ல் கிரெம்லினை பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. அதே வருடம் டி.எம்.ஏ.வை மட்டும் அமெரிக்காவின் டேக்-டூவுக்கு விற்றார்கள். 2002ல் ராக்ஸ்டார் நார்த் என்று பேரை மாற்றினார்கள். எடின்பரோவுக்கு வந்த கதை இதுதான். மூன்று வருடத்துக்குள் மூன்று முதலாளி!

இனி நம்ம ஊர்ப் பக்கம். முதல் ஜி.டி.ஏ. வந்த அதே 1997ல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் 'த்ருவா இன்டராக்டிவ்' தொடங்கினார். இந்தியாவின் மூத்த கேம் கம்பெனிகளில் ஒன்று. பெரிதாக வளர்ந்தது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் படவேலை செய்துதான். மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்சா' கேமில் ஓடும் கார்களில் த்ருவா ஆட்கள் செய்தவையும் உண்டு. அங்கிருந்து போட்டோவும் அளவுகளும் வரும். இங்கே ஒருவர் உட்கார்ந்து வளைவு வளைவாகக் காரை எழுப்பி, பெயின்ட் பூசி, கிட்டத்தில் பார்க்க ஒன்று, தூரத்தில் பார்க்க ஒன்று என்று பல பிரதிகள் செய்து அனுப்புவார். கேம் எப்படி ஓடும், கதை என்ன என்பது அவர் கையில் இல்லை.

2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ், த்ருவாவின் பெரும்பங்கை 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2018 கடைசியில் ஸ்டார்பிரீஸ் வெளியிட்ட ஒரு கேம் படுத்துவிட, அந்தக் கம்பெனியே தள்ளாடியது. 2019ல் தன் பங்கை 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டாருக்கு விற்றது. ராக்ஸ்டார் 2016லிருந்தே பெங்களூரில் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தது. த்ருவா அதோடு கலந்தது. 22 வருடத்துப் பேர் போயிற்று. வேலை தப்பியது. பெங்களூர் நாற்காலிகளின் தலைவிதியை ஸ்டாக்ஹோம் கணக்குப் புத்தகம் தீர்மானித்தது என்பதுதான் நான் கவனித்தது.

புனேயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பரில் யூபிசாஃப்ட், தன் பழைய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கேமைப் புதிதாக எடுக்கும் தலைமைப் பொறுப்பை புனே, மும்பை ஸ்டுடியோக்களுக்குக் கொடுத்தது தெரியவந்தது. இந்தியாவின் உள் ஸ்டுடியோ ஒன்று இவ்வளவு பெரிய பேருள்ள கேமைத் தலைமை ஏற்றுச் செய்வது அபூர்வம். 2022 மே மாதம் அந்த வேலை மாண்ட்ரியலுக்கு மாறிவிட்டது.

இதெல்லாம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வித்துராக்காரன். நெடுமங்காட்டிலிருந்து பொன்முடி போகிற வழி. அங்கே மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தேன். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா கொழுந்து கிள்ளினாள். கிலோ கணக்கு. குறித்த கிலோவுக்கு மேல் கிள்ளினால் கூடுதல் காசு. ஒருமுறை நெடுமங்காட்டுக் கடையில் பளபளவென்று ஒரு தேயிலைப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நம்ம கொழுந்து இருக்குமா?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது எட்டாம் வகுப்பு. இப்போது அந்த வெட்கத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. பிறகு தோட்டம் கைமாறியது, கூலி நிலுவை விழுந்தது. கிள்ளினவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் முன் ஏசியில் உட்கார்ந்து கார் செய்கிறவனும் அட்டை கடிக்கக் கொழுந்து கிள்ளினவளும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அம்மா அடிக்க வருவாள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: இதில் நம்ம கொழுந்து இருக்குமா?

கேம் தொழிலில் அதற்குப் பதில் இருக்கிறது. கடைசியில் ஓடும் பேர்ப் பட்டியல். 2018ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'ல் ராக்ஸ்டாரின் பல நாட்டு ஸ்டுடியோக்கள் ஒரே அணியாக உழைத்தன. ஆனால் கேம் முடியும் முன்பே விலகிப் போனவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை என்ற வழக்கம் பேச்சாகி, அவர்கள் பேரையும் சேர்த்துக் கம்பெனி தன் இணையதளத்தில் போட்டது. கேட்டதால் கிடைத்தது.

அக்காவிடம் சொன்னேன்: "போகட்டும் அக்கா. நல்ல தொழில். நம்ம பிள்ளைங்க முழு கேமையும் பார்த்துக் கத்துக்க இதுதான் வழி." மருமகனிடம் இரண்டு சொன்னேன். பட்டியலில் பேர் வருமா என்று சேரும்போதே கேள். ராத்திரி அரைமணி நேரமாவது உனக்கென்று சின்னதாக ஒரு கேம் செய். ஆனால் சொந்த வேலை பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு கையெழுத்துப் போடு.

நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தான். "கேட்டேன் மாமா. கேம் முடியும்வரை இருந்தா பேர் வருமாம்."

எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அதைக் கேட்க மறந்துவிட்டானாம்.