மின்னணு வழக்கு நிர்வாகம்: இந்திய நீதிமன்றங்களில் அதன் வரலாறு

மின்னணு வழக்கு நிர்வாகம் என்பது, ஒரு வழக்கு பிராதாக நீதிமன்றத்தின் தாக்கல் பிரிவுக்கு வந்து சேர்ந்த நாள்முதல், எண் பெற்று, சம்மன் சார்பு செய்யப்பட்டு, வாய்தாக்கள் பல கண்டு, தீர்ப்பும் டிக்ரியும் ஆகி, நிறைவேற்று மனுவும் முடிந்து, கட்டு ரிக்கார்டு அறைக்குப் போகிற நாள்வரையில் அதற்கு நேர்கிற ஒவ்வொரு நடவடிக்கையையும் கைப்பதிவேட்டுக்குப் பதிலாகக் கணினியில் பதிந்து, அப்பதிவைக் கொண்டே நீதிமன்றத்தின் அன்றாட அலுவலை நடத்தும் முறையாகும். நியாயத்தை நிர்ணயிப்பது நீதிபதியின் புத்தியைச் சார்ந்த காரியம். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆயினும், வழக்காடிப் பழகிய எவரும் அறிந்தபடி, ஒரு வழக்கின் ஆயுளைச் சட்டம் பாதியும் அலுவலகம் பாதியுமாகவே தீர்மானித்து வந்திருக்கின்றன. அந்த இரண்டாவது பாதியின் சரித்திரமே இது.

ராஜதானிக் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தமிழ்நாட்டு முன்சீப் கோர்ட் ஒன்றில் பிராது சென்ற வழியைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்த்தால்தான், பின்னால் வந்த மாறுதலின் தன்மை விளங்கும். வக்கீலின் குமாஸ்தா கொண்டுவந்து கொடுக்கும் பிராதைச் சிரஸ்தார் வாங்கி, கோர்ட் கட்டணம் சரியா, எல்லை வரம்பு சரியா, காலக்கெடு கடந்திருக்கிறதா என்று சரிபார்ப்பார். குறை கண்டால் அதன் முதுகிலேயே குறிப்பெழுதித் திருப்பிவிடுவார். அது 'ரிட்டர்ன்' ஆயிற்று என்பார்கள். இப்படி இரண்டு மூன்று முறை போய் வந்த பிராதுகள் அபூர்வமல்ல. எண் கிடைத்ததும் அது அசல் வழக்குப் பதிவேட்டில் ஏறும். சம்மன் அமீனாவின் பைக்குள் போகும். அடுத்த தேதி 'ஏ டைரி' என்னும் நாட்குறிப்பில் எழுதப்படும். அந்த டைரியும் பதிவேடும் பெஞ்ச் கிளார்க்கின் மேசையில் இருந்தன. ஆகையால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்னும் ஞானமும் அவருடைய மேசையிலேயே இருந்தது. இருபது மைல் பஸ்ஸில் வந்த கட்சிக்காரர், தம் வழக்கு இன்று அழைக்கப்படுமா, வாய்தா எந்தத் தேதிக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ள வக்கீலின் குமாஸ்தாவையும், குமாஸ்தா பெஞ்ச் கிளார்க்கையும் அண்டி நிற்க வேண்டியிருந்தது. அந்த அண்டுதலுக்கு ஒரு விலையும் வழக்கத்தில் இருந்ததை மறைத்துப் பயனில்லை.

நிலுவை என்பது புதிய துன்பமல்ல. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்து இருபது ஆண்டுகள்கூட நிறைவதற்கு முன்பே, 1924-இல், நீதிபதி ராங்கின் தலைமையில் சிவில் நீதிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டு, தேங்கிக் கிடக்கும் வழக்குகளின் பாரமே நீதிபதியின் ஊக்கத்தைக் கெடுத்துவிடுகிறது என்ற கருத்தைத் தன் அறிக்கையில் வெளியிட்டது. அதற்குப் பின் வந்த குழுக்களும் சட்டக் கமிஷன்களும் அதே நோயையே வெவ்வேறு வார்த்தைகளில் வர்ணித்தன. ஆனால் எந்தக் கோர்ட்டில் எந்த வகை வழக்கு எத்தனை ஆண்டுகளாக எந்தக் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதை அன்றைய தேதியில் எடுத்துச் சொல்லும் சாதனம் அவர்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. மாதாந்தர, வருடாந்தர நமூனாக்களைக் கையால் கூட்டி மேலே அனுப்பினார்கள். அது மேலே சென்று சேர்வதற்குள் கணக்கு பழையதாகிவிடும்.

கணினியை இப்பணிக்கு அமர்த்தும் எண்ணம் முதலில் உருப்பெற்றது அமெரிக்காவில். 1970-களில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் சோதனைகள் நடந்தன. 1990-களின் நடுவில், வட ஒஹாயோவின் மாவட்ட நீதிமன்றத்தில் கப்பல் தொழிலாளர்களின் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் மலைபோல் குவிந்தபோது, காகிதத்தைக் கைவிட்டு மின்வழியாகவே தாக்கல் செய்யும் முறை அங்கே நடைமுறைக்கு வந்து, பிறகு மற்ற நீதிமன்றங்களுக்கும் பரவிற்று. சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே காலத்தில் அவ்வழியில் இறங்கியது.

இந்தியாவில் இம்முயற்சி உச்சநீதிமன்றத்தில் தொடங்கிற்று. 1990-இல் தேசியத் தகவலியல் மையம் அந்நீதிமன்றத்தின் பதிவகத்தைக் கணினிமயமாக்கும் பொறுப்பை ஏற்றது. தாக்கல் பிரிவில் மனு பெறப்பட்டவுடனே அதன் விவரங்கள் பதியப்பட்டன. குறைகளின் பட்டியல் அச்சாகி வந்தது. நாளைய வழக்குப் பட்டியலைத் தட்டச்சுப் பிரிவு இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்த நிலை நீங்கிற்று. இவற்றைக் காட்டிலும் பெரும்பயன் தந்தது வேறொன்று. ஒரே சட்டப் பிரச்னை சம்பந்தப்பட்ட வழக்குகளைக் கணினி ஒன்றுசேர்த்துக் காட்டியது. சுங்கத் தீர்வையின் ஒரு விதிக்கோ, நில ஆர்ஜிதத்தில் நஷ்டஈட்டைக் கணக்கிடும் முறைக்கோ அர்த்தம் சொல்லவேண்டிய நூற்றுக்கணக்கான அப்பீல்கள், வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் வந்து வெவ்வேறு கட்டுகளில் கிடந்தவை, ஒரே பெஞ்சின் முன் ஒரே நாளில் வைக்கப்பட்டன; ஒரு தீர்ப்பில் அத்தனையும் முடிந்தன. 1990-களின் தொடக்கத்தில் 1 லட்சத்துக்கு மேல் இருந்த உச்சநீதிமன்ற நிலுவை அப்பத்தாண்டின் இறுதிக்குள் சுமார் 20,000-ஆகக் குறைந்ததற்கு இந்தத் தொகுப்பு முறை ஒரு முக்கிய காரணம் என்பார்கள். புகழ் முழுவதையும் யந்திரத்துக்கே கொடுப்பது நியாயமல்ல; தொகுத்துக் காட்டியது அது, அமர்ந்து தீர்த்தவர்கள் நீதிபதிகள்.

மாவட்டங்களில் இவ்வளவு சுலபமாகக் காரியம் நடக்கவில்லை. 1997-இல் 430 மாவட்ட நீதிமன்றங்களுக்கும், 2001 முதல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் சுமார் 700 நீதிமன்றங்களுக்கும், அதன் பின் மாநிலத் தலைநகரங்களில் 900 நீதிமன்றங்களுக்கும் என்று திட்டங்கள் அடுத்தடுத்து வகுக்கப்பட்டன. பெட்டிகள் வந்து இறங்கின. வேலை மட்டும் பழைய பதிவேட்டிலேயே நடந்தது. மின்சாரம், பயிற்சி, பழுதுபார்க்க ஆள் என்னும் சாமானியக் குறைகளோடு, ஒரு மாநிலத்தின் மென்பொருள் இன்னொரு மாநிலத்தின் மென்பொருளோடு பேசாத குறையும் சேர்ந்துகொண்டது.

இதற்கிடையே, சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு திருப்பம் சேலத்திலிருந்து வந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-இலும் 2002-இலும் செய்யப்பட்ட திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்சநீதிமன்றத்தை நாடியது. திருத்தங்கள் செல்லும் என்றே முடிவாயிற்று. ஆனால் அவ்வழக்கின் போக்கில் நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, வழக்கு ஓட்ட நிர்வாகத்துக்கென மாதிரி விதிகளைத் தயாரித்தது. 2005 ஆகஸ்டில் வெளியான இரண்டாவது தீர்ப்பு, அவற்றை ஏற்பது பற்றி உயர்நீதிமன்றங்கள் ஆலோசிக்க வேண்டுமென்றது. எல்லா வழக்குகளையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஜீவனாம்சம், குழந்தையின் பாதுகாப்பு போன்றவற்றை ஒரு தடத்திலும், பாகப் பிரிவினை, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோருதல் போன்றவற்றை வேறொரு தடத்திலுமாகப் பிரித்து, தடத்துக்கேற்பக் காலவரையறை வைப்பதே அவ்விதிகளின் சாரம். வழக்கை நடத்திச் செல்லும் பொறுப்பு கட்சிகளுடையது, நீதிபதி காத்திருந்து கேட்பவர் என்னும் பழைய பாவனையை இது அசைத்தது. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் வழக்கு நிர்வாக விசாரணை என்று தனியே ஒரு கட்டத்தைச் சட்டத்திலேயே புகுத்தியதும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான்.

தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டியின் யோசனையை ஏற்று, 2004 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜி.சி. பாருகா தலைமையில் இ-கமிட்டி அமைக்கப்பட்டது. மறு ஆண்டே அது தேசியக் கொள்கையும் செயல்திட்டமும் அடங்கிய அறிக்கையை அளித்தது. அதிலிருந்து பிறந்ததே இ-கோர்ட்ஸ் திட்டம். 2007-இல் தொடங்கிய முதற்கட்டத்துக்கு இறுதியில் 935 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. 2015-இல் அது முடிந்தபோது 14,249 நீதிமன்றங்கள் கணினி பெற்றிருந்தன. இரண்டாம் கட்டம் 1,670 கோடியில் 2023 வரை நடந்து, அவ்வெண்ணை 18,735-ஆக உயர்த்திற்று. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, லினக்ஸ் முதலிய திறந்த மூல மென்பொருளையே அடித்தளமாகக் கொண்டது அக்காலத்தில் எடுத்த துணிவான தீர்மானம். ஆயிரக்கணக்கான நீதிபதிகளின் மடிக்கணினிகள் லினக்ஸில் இயங்கியதால், ஒரு பரவலான பரிசோதனையை நீதித்துறை சந்தடியில்லாமல் நடத்தி முடித்தது.

யந்திரத்தைவிடப் பெயர்கள்தாம் பெருந்தொல்லை கொடுத்தன. தமிழ்நாட்டில் 'ஓ.எஸ்.' என்று எண்ணிடப்படும் அசல் வழக்கு மகாராஷ்டிரத்தில் 'ஆர்.சி.எஸ்.' ஆகவும், வங்காளத்திலும் பீகாரிலும் உரிமை வழக்கென்னும் பொருளில் 'டி.எஸ்.' ஆகவும் வழங்குகிறது. ஒவ்வொரு உயர்நீதிமன்றமும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரம் உடையது. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முயன்றிருந்தால் திட்டம் அங்கேயே நின்றிருக்கும். ஆகவே தேசியத் தகவலியல் மையத்தின் புனே பிரிவில் உருவான வழக்குத் தகவல் மென்பொருளில், நாடு முழுவதற்கும் பொதுவான மையப் பகுதி ஒன்றும், அந்தந்த உயர்நீதிமன்றம் தன் வழக்கப்படி அமைத்துக்கொள்ளும் புறப்பகுதி ஒன்றுமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் கொடுக்கப்பட்டது. மாநிலத்துக்கு இரண்டெழுத்து, மாவட்டத்துக்கு இரண்டெழுத்து, நீதிமன்றத்துக்கு இரண்டு இலக்கம், வரிசைக்கு ஆறு இலக்கம், ஆண்டுக்கு நான்கு இலக்கம் என்பது அதன் அமைப்பு. தமிழ்நாட்டு வழக்கு 'டி.என்.' என்று தொடங்கும். பழைய எண் வழக்கோடு இருக்கும். ஆனால் வழக்கைத் தேடுவதற்கு இந்தப் புதிய எண் ஒன்றே போதும்.

2015 செப்டம்பர் 19-இல் தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெஞ்ச் கிளார்க்கின் மேசையில் இருந்த பதிவேடு சந்தியில் வைக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. எந்த மாவட்டத்தில், எந்தத் தாலுகாவில், பத்தாண்டுக்கு மேற்பட்ட வழக்குகள் எத்தனை என்பதை யாரும் பார்க்கலாம். அதில் 'தேதியிடப்படாத வழக்குகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கைப்பதிவேட்டுக் காலத்தில், ஒரு வழக்குக்கு அடுத்த தேதி டைரியில் ஏறாமல் விட்டுப்போனால், அது எந்த நாளின் பட்டியலிலும் வராது. யாராவது வந்து கேட்கும்வரை கட்டுக்குள் தூங்கும். மறதியாலும் நேரும், வேண்டுமென்றும் நேரும். இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை. இப்போது அத்தகைய வழக்குகள் தாமாகவே தனித் தொகையாகத் திரள்கின்றன. மாவட்ட நீதிபதி காலையில் திரையைத் திறந்தவுடன் அவற்றைக் காண்கிறார். ஆனால் எண்ணிக் காட்டுவது வேறு, தீர்த்து வைப்பது வேறு. மாவட்ட நீதிமன்றங்களின் நிலுவை 4 கோடியைக் கடந்திருக்கிறது என்பதை நாம் அத்தனை துல்லியமாக அறிவது இந்தத் தரவுக் கட்டத்தின் உபயம். அதைக் குறைக்க வேண்டிய நீதிபதிகளின் ஆசனங்கள் பல காலியாகக் கிடப்பது கணினியால் நிரப்பக்கூடிய குறையல்ல.

சாட்சியைக் காணொலி மூலம் விசாரிக்கலாம் என்று 2003-இலேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருந்தும், அது அபூர்வ ஏற்பாடாகவே இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும், ஏப்ரல் 6-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியே நாடெங்கும் காணொலி விசாரணை வழக்கமாகிவிட்டது. சம்மன் சார்பு செய்யும் ஊழியரின் கையில் கைபேசிச் செயலி வந்தது. அவர் உண்மையில் அந்த வாசலுக்குப் போனாரா என்பதை அது இடக்குறிப்போடு பதிவு செய்கிறது. வீட்டில் ஆளில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்தே எழுதப்பட்ட அறிக்கைகளின் காலம் இதனால் மங்கிற்று. 2021-இல், ஆக்ரா சிறையிலிருந்த 13 கைதிகள் ஜாமீன் உத்தரவு போய்ச் சேராமையால் விடுதலையாகத் தாமதித்ததை உச்சநீதிமன்றம் தானாகவே கவனத்துக்கு எடுத்துக்கொண்டது. அதன் பயனாக, உத்தரவுகளை மின்வழியே பாதுகாப்பாக அனுப்பும் 'ஃபாஸ்டர்' என்னும் அமைப்பு 2022 மார்ச்சில் வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மின்வழித் தாக்கலைக் கட்டாயமாக்க முற்பட்டபோது தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் பல ஆட்சேபித்தன. அந்த ஆட்சேபத்தைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது எளிது, சரியல்ல. தாலுகா ஊரில் தனியாகத் தொழில் நடத்தும் வக்கீல், பிராதை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அதே பிராதைக் காகிதத்திலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்றால், அவருக்கு ஒரு வேலை இரண்டாகிறது. நெட்வொர்க் நின்றுபோன மாலையில் காலக்கெடு முடிகிறதென்றால் அவர் யாரிடம் முறையிடுவார்? இதற்கென நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையங்கள் அமைக்கப்பட்டன.

2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மூன்றாம் கட்டத்துக்கு நான்காண்டுகளில் செலவிட 7,210 கோடி ரூபாயை அனுமதித்தது. அதில் 2,000 கோடிக்கு மேற்பட்ட தொகை பழைய கட்டுகளைப் பிரித்து, ஊசித்துளை விழுந்த தாள்களை நீவி, ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள் மொழிபெயர்ப்பு மென்பொருளின் துணையோடு தமிழிலும் வெளியாகின்றன. 2024-இல் கேரளத்தின் கொல்லத்தில், காசோலை வழக்குகளுக்கென்றே எந்த நேரமும் தாக்கல் செய்யக்கூடிய காகிதமில்லாத நீதிமன்றம் ஒன்று தொடங்கிற்று. மற்றப் பல இடங்களில் காகிதமும் கணினியும் பக்கம்பக்கமாகவே நடைபோடுகின்றன: கட்டின் மேலட்டையில் பழைய ஓ.எஸ். எண்ணுக்குக் கீழே, மென்பொருள் பிறப்பித்த 16 இட எண்ணை ஊழியர் நீல மையில், எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிவைக்கிறார்.