மாட்டோடு ஆட்டையும் மேய்க்கலாம், தரை இருந்தால்

2009 தொடக்கத்தில் வன்னியில் ஊர்விட்டு ஊர் ஓடியபோது, அம்மம்மா பட்டியின் படலையைத் திறந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார். மீளக்குடியேறியபோது அவற்றில் ஒன்றுகூட இல்லை. பிறகு வாழ்வாதார உதவியாக எங்களுக்கு ஒரு பசு கிடைத்தது. பக்கத்து வீட்டாருக்கு மூன்று வெள்ளாடுகள். எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் புல் பற்றாது என்று நடுவில் வேலி அடைத்தோம். அது தவறான கணக்கு.

மாடு நாக்கால் புல்லை வளைத்து இழுத்துத்தான் மேயும். நிலத்தோடு ஒட்டிய புல் அதற்கு அகப்படாது. செம்மறி அதை ஒட்டக் கடிக்கும். வெள்ளாட்டுக்கோ புல்லைவிடக் குழையும் பற்றைத் தளிருமே விருப்பம். மாடு தன் சாணி விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள புல்லை ஒதுக்கிவிடும். ஆடு அதையும் மேயும். ஒரே தரையில் மேய்ந்தாலும் போட்டி குறைவு. பாத்தீனியத்தை மட்டும் ஆட்டை நம்பி விடாதீர்கள். தின்றால் பால் கசக்கும். பூக்குமுன் பிடுங்குவதே வழி.

பெரிய இலாபம் குடற்புழுவில் இருக்கிறது. ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப்புழுவின் குடம்பிகள் புல்லின் அடிப்பகுதியில் காத்திருக்கும். வளர்ந்த மாடு அவற்றை விழுங்கினால் பெரும்பாலும் அங்கேயே அழிந்துவிடும். ஆகவே முதலில் மாடு, பின்னால் ஆடு. புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் ஆடுகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். வெள்ளாட்டையும் செம்மறியையும் மாறிமாறி விடுவதால் இந்தப் பயன் இல்லை, இரண்டுக்கும் ஒரே புழுக்கள்தான். ஆட்டின் கண்ணிமையின் உட்புறம் வெளிறினால், தாடையின் கீழ் வீங்கினால், கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரு மாட்டின் தீனியில் ஐந்தாறு ஆடுகள் வளரும் என்பது பொதுக் கணக்கு. பற்றை நிறைந்த காணியில் மாடுகளைக் குறைக்காமலே மாட்டுக்கு ஓர் ஆடு சேர்க்கலாம். வெறும் புற்றரையில் அது சரிவராது. மாட்டுக்கு வாங்கும் கனியுப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்கவே கூடாது. அதிலுள்ள செம்பு ஈரலில் தேங்கிக் கொன்றுவிடும். கால்வாய் நோய் மாடு, எருமை, ஆடு எல்லாவற்றுக்கும் தொற்றும். அறிகுறி கண்டவுடன் பிரித்துக் கட்டுங்கள்.

ஆனால் பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் இவை எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோவது? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சற்றரையில் நடக்கும் அத்துமீறிய பயிர்ச்செய்கையை நிறுத்தக் கோரி 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியது இதற்காகத்தான். தரை பறிபோன பட்டிக்காரரிடம் சுழற்சி மேய்ச்சலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எங்களிடம் ஐந்து மாடுகள், பக்கத்து வீட்டில் பதினொரு ஆடுகள். நடுவேலியில் ஒரு படலை வைத்திருக்கிறோம். காலையில் மாடுகள் போகும். பனி காய்ந்த பிறகு ஆடுகள். வளவுக்கு அப்பால், அம்மம்மாவின் பட்டி மேய்ந்த காட்டோரத் தரையில், எல்லைக்கற்கள் நிற்கின்றன.