ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம்

அரியலூர் மாவட்டம் திருமானூர் அருகே, கொள்ளிடம் ஆற்றின் வடபகுதியில் உள்ள கத்தோலிக்கத் திருத்தலம். திருக்காவலூர் என்றும் பெயர். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

இதன் வரலாறு ஆற்றின் தென்கரையில் தொடங்குகிறது. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி காலத்தில், 1701இல், கிறித்தவர்கள்மீது கடும் அடக்குமுறை ஏவப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன, பலர் சிறைப்பட்டனர், பலர் ஊரைவிட்டே ஓடினர். கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர் மழவராயர் பாளையம். அங்கே தஞ்சையின் ஆணை செல்லாது. தப்பி வந்தோருக்கு ஏலாக்குறிச்சி புகலிடமாயிற்று.

இத்தாலியில் 1680இல் பிறந்த கிறித்தவத் துறவி வீரமாமுனிவர் இங்கு மரியன்னைக்கு ஆலயம் எழுப்பி, 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரை வாட்டிய ராஜபிளவை என்ற கட்டிக்கு முனிவர் இவ்வூர் மண்ணைக் குழைத்துப் பூசினார், கட்டி ஆறியது, நன்றியாக மழவராயர் நிலம் அளித்தார் என்பது தலமரபு. மருத்துவக் கதையை எப்படிக் கொண்டாலும், இந்து ஆட்சியாளர் ஒருவர் அயல்நாட்டில் துரத்தப்பட்ட பிற மதத்தாருக்கு இடம் கொடுத்ததே இம்மரபின் உயிர்நாடி. அடக்கியதும் அரசு, காத்ததும் அரசு. குடிகளுக்கென்று உரிமை ஏதும் அன்று இல்லை.

மதச் சுதந்திரம் என்னும் அவ்வுரிமையை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் உறுப்பிலும், இந்திய அரசமைப்பு 25ஆம் உறுப்பிலும் எழுதிவைத்தன. அவ்வுரிமை பற்றிய சர்ச்சை அதன் பின்னும் ஓயவில்லை: தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், சிறுபான்மையினரின் எதிர்ப்புக்குப் பின் 2004இல் திரும்பப் பெறப்பட்டது.