மோர்க்காசு

நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாறுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ராஜா ராணி கதை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தயிர்ப்பானை தெரியும். அதன் வரலாற்றையே எழுதுகிறேன்.

என் மகளோட தமிழ் டீச்சர் பெரும்பாணாற்றுப்படை என்ற சங்கப்பாட்டைப் பற்றிச் சொன்னாங்க. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் இடையர் வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். விடியும்போதே புலி உறுமுற மாதிரி மத்துச் சத்தம் கேட்கத் தயிர் கடைகிறாள். மோர்ப்பானையைச் சும்மாட்டில் வைத்து விற்று, கிடைத்த தானியத்தில் குடும்பத்துக்கே சோறு போடுகிறாள். ஆனால் நெய்யை விற்றால் பொன் வாங்க மாட்டாளாம். எருமையும் பசுவும் கன்றுமாக வாங்குவாளாம். மோர் சோத்துக்கு, நெய் முதலுக்கு!

பிறகு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் காலக் கல்வெட்டுப்படி ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. வாங்கினவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். கிழடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், முதல் குறையாது. நம்ம சுழல்நிதி மாதிரிதான். ஆடு வாங்கிய இடையர் பேர் கல்லில் இருக்கிறது. தினம் கடைஞ்சது அவங்க வீட்டுப் பொம்பளைங்களாத்தான் இருக்கும்னு என் மனசு சொல்லுது.

எங்க அப்பத்தாவும் மோர் விற்றவங்கதான். காய்ச்சின பால் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் ஒரு கரண்டி உறைமோர் விடுவாங்க. மழைக்காலத்தில் பானைக்குச் சாக்கைச் சுத்தி அடுப்பு ஓரம் வைப்பாங்க. உறை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்குவாங்க. மோர்க்காசு அவங்க சுருக்குப்பையில் இருக்கும். தாத்தா அதைக் கேட்க மாட்டார். அத்தைக்குத் தோடு அந்தக் காசில்தான்.

1970-ல் வெள்ளைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. பிற்பாடு எங்க ஊருக்கும் பால் சொசைட்டி வந்தது. பணம் தவறாமல் வந்தது, நல்லதுதான். ஆனால் அட்டை அப்பா பேரில். சாணி அள்ளி, பால் பீச்சினது அம்மா. கடையறதுக்குப் பால் மிஞ்சலை. மத்து பரணில் ஏறியது. பத்தாவது முடிச்சு, பதினொண்ணு சேர நான் பீஸ் கேட்டபோது, "அப்பாவைக் கேளு" என்றாங்க அம்மா. அப்பா வேண்டாம்னுட்டார். அம்மா கையில் காசு இல்லை.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. எங்க ஊருக்குத் தாமதமாகத்தான் வந்தது. குழுக்கடனில் எருமை வாங்கினேன். காலைப் பால் சொசைட்டிக்கு, அட்டை என் பேரில். சாயங்காலப் பால் தயிருக்கு. அம்மா வீட்டுப் பரணிலிருந்த மத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். மகள் இப்போ பதினொண்ணு படிக்கிறா. அவள் பீஸுக்கு நான் யாரையும் கேட்கலை.

இதைப் படிச்சதும் வீட்டில் சொசைட்டி அட்டையை எடுத்து, யார் பேரில் இருக்குன்னு பாருங்க அக்கா.