வலியில்லாப் புண்ணின் வரலாறு

மாந்தர்க்கு வரும் துன்பங்களுள் வலியே கொடிதென்று நாம் எண்ணுகிறோம். ஆயின், வலி இல்லாமையே பெருங்கேடாய் முடியும் நோய் ஒன்று உண்டு. மலேசியத் தமிழர் ‘இனிப்புநீர்’ என்று வழங்கும் நீரிழிவே அது. அந்நோயாளரின் பாதத்தில் தோன்றும் ஆறாப் புண்ணை மருத்துவ உலகம் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதும், அதில் தமிழ் மண்ணுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் உள்ள தொடர்பு யாது என்பதும் நம் மாணவர் அறியவேண்டிய வரலாறாகும்.

நம் சித்த மருத்துவர் இந்நோயை மதுமேகம் என்றனர். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை அதன் அடையாளமாகக் கொண்டனர். நோய் முற்றிய நிலையில் உண்டாகும் பிளவையையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு ஆகியவற்றைக் காய்ச்சி வடிக்கும் மத்தன் தைலம் ஆறாப் புண்ணுக்குரிய மேல்மருந்தாக இன்றும் வழக்கில் உள்ளது. பச்சை எண்ணெய் என மக்கள் கூறுவதும் இதனையே. துருசு என்பது செம்பின் உப்பு. செம்போ கிருமிகளை அழிக்கும் இயல்பினது. எனினும், புண் ஏன் ஆறவில்லை என்னும் வினாவுக்கு மேல்மருந்து மட்டுமே விடையாகிவிடாது.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 சனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை விரைவில் மாண்டவர்கள் அதன்பின் பல்லாண்டு வாழ்ந்தனர். வாழ்நாள் நீளவே, காலப்போக்கில் நரம்பையும் குருதிக்குழாயையும் நோய் அரிக்கும் தன்மை தெளிவாகப் புலப்பட்டது. பாதம் அழுகுவது விதியன்று, தடுக்கத்தக்க கேடே என்று அமெரிக்க மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1934இல் எழுதினார்.

ஆயினும், புண்ணின் மெய்யான காரணத்தைத் தெளிவுபடுத்தியவர்களுள் தலையாயவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர். இலண்டனில் பயின்று, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகால்களை ஆராயத் தொடங்கினார். தொழுநோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. ஒருநாள் துருவேறிய பூட்டொன்று திறக்க மறுத்தது. தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை வலிந்து திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்து குருதி ஒழுகியது. அவனோ அதனை உணரவே இல்லை. கேட்டை விளைவிப்பது நோய்க்கிருமி மட்டுமன்று. உணர்விழந்த உறுப்பை ஓயாமல் பயன்படுத்துவதே என்ற உண்மை இத்தகைய நிகழ்ச்சிகளால் பிராண்டுக்குத் தெளிவாயிற்று.

அதன் பயனாகச் சிகிச்சையின் போக்கே மாறியது. புண்பட்ட காலின்மேல் உடற்பாரம் விழாதிருக்கச் செய்வதே முதற்கடமை என்பது நிலைபெற்றது. காலின் வடிவத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு, பாதத்தின் அழுத்தத்தைப் பரவச் செய்தது. மென்மையான ரப்பர் அடியுடைய செருப்புகள் மீண்டும் புண் வாராமல் காத்தன. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், நீரிழிவு நோயாளரின் பாதமும் அவ்வாறே உணர்விழந்த பாதம் என்பதைக் கண்டு, வேலூரில் கற்ற பாடத்தை அவர்களுக்கும் பயன்படுத்தினார். சமுதாயம் ஒதுக்கிவைத்த தமிழ்நாட்டு ஏழைகளின் கால்களே உலகத்தின் கால்களைக் காக்கும் பாடநூலாயின என்பது மிகையன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அத்தகைய பாதங்கள் இருந்தன. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் பல இனத்தாரும் வாழ்ந்தனர். தொழுநோய் அடங்கிய பின்னர், உணர்விழந்த பாதம் என்னும் அதே இடர் நீரிழிவின் வடிவில் பிரிக்பீல்ட்சு வீடுகளிலும் கிள்ளான் தோட்டப்புறங்களிலும் நுழைந்தது.

இங்கு மற்றொரு பழம்பாடமும் புத்துயிர் பெற்றது. முதல் உலகப் போரின்போது, களத்தில் ஏழு நாள் கிடந்த இரு வீரரின் புண்களில் புழுக்கள் நெளிந்தும் அவர்கள் காய்ச்சலின்றிப் பிழைத்ததை வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க மருத்துவர் கண்டார். புழுக்கள் அழுகிய தசையை மட்டும் உண்டு நல்ல தசையை விட்டுவைத்தன. கிருமி நீக்கி வளர்த்த புழுக்களைக் கொண்டு பின்னாளில் அவர் செய்த சிகிச்சை, 1940களில் பெனிசிலின் பரவியதும் மறைந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகள் பெருகவே அது மீண்டது. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெப்பநாட்டு ஈயாகிய லூசிலியா குப்ரினாவின் புழுக்களை இதற்கென வளர்த்தது. நீரிழிவுப் புண்ணில் இச்சிகிச்சை வழக்கமான அறுவைத் தூய்மைக்கு இணையான பயனைத் தந்தது என்று 2009இல் வெளியான மலேசிய ஆய்வு கூறிற்று.

இத்தனை வழிகள் இருந்தும் கால்கள் இழக்கப்படுவது ஏன்? 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேர்க்கு அப்போது நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 ஆக இருந்தது. பால்மரக் காட்டில் வெறுங்காலோடு உழைத்த தலைமுறையின் மக்கள் நாம். கோயிலில் காலணி களைகிறோம். தைப்பூசத்தில் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறோம். பக்தி குறையன்று, உணர்விழந்த பாதம் சுட்டதை அறியாது என்பதே இடர். வலிக்காத புண்ணைச் சிறிதென்று விடுவதும், மருத்துவமனைக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று அஞ்சி நாள் கடத்துவதும் ஒன்றுசேர்ந்து அந்த அச்சத்தையே மெய்யாக்கிவிடுகின்றன. காலம் தாழ்த்தி வருபவருக்கு வெட்டுவதொன்றே வழியாகிறது. அவரைக் கண்ட அண்டை வீட்டாரும் அஞ்சித் தாமதிக்கின்றனர்.

இச்சுழலை அறுக்கவல்லது அறிவொன்றே. நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல், விரலிடுக்கை உலர்த்துதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், சிறு கொப்புளம் கண்டாலும் உடனே மருத்துவரை நாடுதல் ஆகியவை செலவில்லாக் கடமைகள். கண் மங்கிய முதியவர் தம் உள்ளங்காலைத் தாமே காணமாட்டார். அவருக்காகக் குனிந்து பார்க்க வீட்டில் ஒரு பேரப்பிள்ளை வேண்டும். பெரியோர் பாதம் தொட்டு வணங்கக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், அப்பாதத்தைத் திருப்பிப் பார்க்கவும் கற்பிப்பார்களாயின், பல குடும்பங்களின் கால்கள் காக்கப்படும்.